ஆஸ்துமா திட்டத்தாள்: ராத்திரி இரண்டு மணிக்கும் புரிய வேண்டும்

கேள்வி: "சிறு நகரக் கிளினிக் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து அச்சடித்த சுயபராமரிப்புத் திட்டத்தாள் கொடுக்கிறோம். வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை இழுப்போடு வரும்போது கேட்டால், தாளை எடுத்துப் பார்க்கவே இல்லை என்கிறார்கள். படிக்காதவர்கள் மட்டுமல்ல, பட்டதாரிகளும் அப்படித்தான். இதை எல்லாருக்கும் புரிகிற மாதிரி எப்படி மாற்றுவது?"

பட்டதாரிகளும் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. படிப்பு இல்லாததுதான் காரணம் என்றால் படித்தவர்களாவது அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். நோயாளியிடம் குறை இல்லை. தாள்தான் சரியாக எழுதப்படவில்லை. நாம் கொடுக்கும் பெரும்பாலான தாள்கள் ஆஸ்துமாவைப் பற்றிப் பேசுகின்றன. நோயாளிக்கு வேண்டியதோ "இப்போ நான் என்ன செய்யணும்?" என்ற ஒரே கேள்விக்கான பதில். அந்தக் கேள்வி ஓ.பி.யில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, இருமலில் தூக்கம் கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, டியூப் லைட்டைப் போடச் சொல்லி வீட்டாரை எழுப்பும்போது வருகிறது. அந்த நேரத்தில் அந்தத் தாளைப் படிப்பவர் பெரும்பாலும் நோயாளிகூட இல்லை. மருமகளோ, பத்தாவது படிக்கும் பேரனோதான் படிப்பார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தாள் கொடுப்பதால் பயன் உண்டா என்ற சந்தேகம் சில மருத்துவர்களுக்கே இருக்கிறது. உங்கள் டாக்டருக்கும் இருந்தால் இதைச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. எழுதிக் கொடுத்த திட்டம், கற்றுக்கொடுத்தல், தவறாத மறுபரிசோதனை இந்த மூன்றும் சேர்ந்தால் மருத்துவமனையில் சேர்வதும், அவசர சிகிச்சைக்கு ஓடுவதும், இரவில் விழித்துக்கொள்வதும் குறைகின்றன. தாளை மட்டும் கையில் திணித்து அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரைப் பற்றிய விரிவான ஆய்வு 2014ல் வெளிவந்தது. அவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சொந்தத் திட்டத்தாள் கொடுத்ததாகப் பதிவு இருந்தது. மருத்துவ வசதியில் குறை இல்லாத நாட்டிலேயே இந்த நிலை. இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் 3 கோடிக்கு மேல். எழுதிய திட்டம் கையில் இருப்பவர்கள் நம் ஊரில் எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தாளிலிருந்து அல்ல, மருந்துச் சீட்டிலிருந்து. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவருக்குக் காலை இரவு ஒரு பம்ப் (இன்ஹேலர்), மூச்சு முட்டினால் வேறொரு பம்ப், அதோடு கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவி ஒன்று என்று மூன்று சாதனங்களை எழுதிக் கொடுத்துவிட்டால், எவ்வளவு அழகான தமிழில் திட்டம் எழுதினாலும் அது குழப்பத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் இழுக்கும் முறையே வேறு. பம்ப்பில் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பொடிக் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். "1 கேப்ஸ்யூல், இரண்டு வேளை" என்று மட்டும் எழுதியிருந்ததால் அதைத் தண்ணீரோடு விழுங்கியவர்களை நெஞ்சக நோய் ஓ.பி.யில் இருக்கும் எல்லாரும் பார்த்திருப்போம். அவர்கள் செய்ததில் என்ன தப்பு? கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே வழக்கம். "விழுங்கக் கூடாது. கருவியில் போட்டு இழுக்க வேண்டும்" என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, இவருடைய மருந்தை ஒரே வகைச் சாதனமாகக் குறைக்க முடியுமா என்பது. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019 முதல், பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உடனடி நிவாரணத்துக்கான சால்புட்டமால் பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உள்வீக்கத்தை அடக்கும் புடெசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்ப்பைத் தினசரி மருந்தாகவும், மூச்சு முட்டும்போது எடுக்கும் மருந்தாகவும் பயன்படுத்தும் முறையை முன்னால் வைக்கிறது. ஃபார்மோட்டெரால் சில நிமிடத்திலேயே வேலை செய்யும், நீண்ட நேரமும் நிற்கும் என்பதால்தான் இது முடிகிறது. சால்மெட்டெரால் கலந்த பம்ப்பை இப்படி அவசரத்துக்கு எடுக்க முடியாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரே பம்ப் என்றானதும் திட்டத்தாளில் "எந்தப் பம்ப்?" என்ற கேள்வியே எழாது. எத்தனை தடவை என்பது மட்டும்தான் மாறும். புரியும்படி எழுதுவதில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. பொருந்தாதவர்களுக்கு இரண்டு பம்ப்பையும் மேஜையில் வைத்து, தாளில் மருந்தின் பெயரோடு அந்தக் குறிப்பிட்ட பம்ப்பின் நிறத்தையும் எழுதுங்கள். "நீலப் பம்ப்" என்று பொதுவாக அச்சடிக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மருந்துக் கடையில் வேறு கம்பெனி பம்ப்பைக் கொடுத்துவிட்டால் தாளே பொய்யாகிவிடும்.

இனி மஞ்சள் பகுதி. என்னைக் கேட்டால் திட்டத்தாளின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பச்சையில் நோயாளி நன்றாக இருக்கிறார். சிவப்பில் யாராவது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மஞ்சளில்தான் அவர் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மோசமான இழுப்புகளில் பல திடீரென்று வருவதில்லை, இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே அறிகுறி காட்டும். அந்த நாட்களில் சரியாகச் செய்தால் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் தரும் கருவி) வைக்கக் கிளினிக்குக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். ஆனால் அச்சடித்த தாள்களில் மிகவும் மோசமாக எழுதப்படுவது இந்தப் பகுதிதான். வழக்கமாக இப்படி இருக்கும்:

"மஞ்சள் மண்டலம்: அறிகுறிகள் அதிகரிக்கும் பட்சத்தில் நிவாரண இன்ஹேலரின் பயன்பாட்டை அதிகரிக்கவும். முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவரை அணுகவும்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? எவ்வளவு கூடினால் அதிகம்? எந்தப் பம்ப்? எத்தனை தடவை? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? முன்னேற்றம் இல்லை என்று எப்போது முடிவு செய்வது, சாயங்காலமா, நாலு நாள் கழித்தா? எதற்கும் பதில் இல்லாததால் நோயாளி பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பார். அவர் காத்திருப்பது அறியாமையால் அல்ல. தாள் எதையும் திட்டவட்டமாகச் சொல்லாதபோது வேறு வழியில்லை.

இந்தப் பகுதியை நோயாளியின் வாயிலிருந்துதான் எழுத வேண்டும். அதற்கு ஒரு நல்ல நேரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நெபுலைசர் வைத்து முடித்து, மூச்சு சீராகி, மறுபடி பார்த்து அனுப்பலாம் என்று பெஞ்சில் உட்கார வைத்திருப்பீர்களே, அந்த நேரம். எல்லாம் நேற்று நடந்தது போல நினைவில் இருக்கும். பேச்சு இப்படித்தான் போகும்:

"எப்போம்மா ஆரம்பிச்சுது? நேத்து ராத்திரியா?"

"நேத்தா? நாலு நாளா இருமல் சிஸ்டர். மொதல்ல மூக்கு ஒழுகிச்சு. அப்புறம் பூக்கூடைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னேன். சளிதான், தானா போயிடும்னு விட்டுட்டேன்."

"ராத்திரி தூங்க முடிஞ்சுதா?"

"முந்தாநேத்து ரெண்டு தடவ எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

மஞ்சள் பகுதி அப்படியே கிடைத்துவிட்டது. பூ விற்கும் அந்த அம்மாவுக்கு மூக்கு ஒழுகுவதுதான் முதல் மணி. பஸ் ஸ்டாண்டு நடை இரண்டாவது. ராத்திரி எழுந்து உட்காருவது மூன்றாவது. இன்னொருவருக்கு மாடிப்படியாக இருக்கும், ஒரு பள்ளிப் பையனுக்கு ஃபுட்பால் விளையாடும்போது வரும் இருமலாக இருக்கும். அவர் "இழுப்பு" என்றால் தாளிலும் இழுப்பு, "வீசிங்" என்றால் வீசிங், "மூச்சு வாங்குது" என்றால் அதுவே. அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல்தான் தாளில் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு டாக்டர் ஒரே பம்ப் முறையைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாள் இப்படி அமையலாம்:

"மஞ்சள். இழுப்பு ஆரம்பிக்கிறது.

இதில் ஒன்று இருந்தாலே மஞ்சள்தான்:
மூக்கு ஒழுகி, இருமல் ஆரம்பித்துவிட்டது.
பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் நின்று மூச்சு வாங்கினேன்.
ராத்திரி இருமலில் எழுந்து உட்கார்ந்தேன்.

என்ன செய்ய வேண்டும்:
காலையில் 1, இரவில் 1 வழக்கம்போல. நிறுத்தக் கூடாது.
நடுவில் மூச்சு முட்டினால் அதே பம்ப்பில் 1. சில நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னும் 1.
ஒரே நாளில் எல்லாம் சேர்த்து 8ஐத் தாண்டினால் அன்றைக்கே கிளினிக்.
2 நாள் இப்படிச் செய்தும் பழைய நிலைக்கு வராவிட்டால் மூன்றாம் நாள் காலை கிளினிக்.
போன் செய்ய வேண்டிய எண்: ________"

இந்த எண்கள் ஒரு உதாரணத்துக்கு எழுதியவை. இதைப் பார்த்து யாரும் தங்கள் பம்ப்புக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அவருடைய மருத்துவர்தான் எண்ணை நிரப்ப வேண்டும். நான் காட்ட வந்தது தாளின் வடிவத்தை. ஒவ்வொரு வரியிலும் ஒரு எண் இருக்கிறது, அல்லது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. "அடிக்கடி", "அதிகமாக", "தேவைப்பட்டால்" எதுவும் இல்லை. எப்போது காத்திருப்பதை நிறுத்த வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறது. நோயாளிகள் அதிகம் தவிப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். "இதுக்கெல்லாம் போய் டாக்டரைத் தொந்தரவு பண்ணணுமா" என்ற தயக்கம் நம் ஆட்களுக்கு ரொம்ப உண்டு. மூன்றாம் நாள் காலை வா என்று எழுதியிருந்தால் அந்தத் தயக்கம் போய்விடும், கூப்பிட்டுத்தானே வருகிறார்.

சிலருக்கு மஞ்சள் முற்றினால் வீட்டிலேயே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கச் சொல்லி மருத்துவர் முன்கூட்டியே கொடுத்து வைப்பதுண்டு. அப்போது "பிரெட்னிசோலோன் 40 மி.கி." என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். வீட்டில் இருப்பது 10 மி.கி. மாத்திரை என்றால் "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 4 மாத்திரை, ஒரே நேரத்தில்" என்று எழுதுங்கள். எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். கணக்குப் போடும் வேலையை நோயாளி தலையில் கட்டவே கூடாது. மாத்திரை தொடங்கிய அன்றே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற வரியும் கூடவே வர வேண்டும்.

பலமாக ஊதி மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டருக்கும் இது பொருந்தும். "80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழ் சிவப்பு" என்று அச்சடித்த தாளைப் பார்த்து வீட்டில் யார் சதவீதம் கணக்குப் போடுவார்கள்? அவர் நன்றாக இருந்தபோது ஊதிய மிகச் சிறந்த அளவு 400 என்றால், 320, 200 என்ற இரண்டு எண்களை எழுதி, மீட்டரின் மேலேயே அந்த இரண்டு இடத்திலும் கலர் டேப் ஒட்டிக் கொடுத்துவிடலாம். வயதையும் உயரத்தையும் வைத்து அட்டவணையில் எடுக்கும் எண்ணைவிட அவருடைய சொந்த உச்ச அளவை வைத்து எழுதிய திட்டங்களே நல்ல பலன் தந்திருக்கின்றன. மீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அறிகுறியை வைத்து எழுதும் திட்டமும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. குழந்தைகளுக்கு அறிகுறித் திட்டமே மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பச்சைப் பகுதியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம் போதும். ஒன்று, தினசரி பம்ப் எத்தனை, எப்போது, எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது. இன்னொன்று, நன்றாக இருக்கும்போது ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரே வரி: "மூச்சுக்குழாயின் உள்வீக்கம் வெளியே தெரியாது, அதை அடக்கி வைப்பது இந்தப் பம்ப்." இந்த வரியை விடாதீர்கள். பம்ப் போட்டால் பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது என்ற பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றித் தாள் ஒரு வார்த்தையும் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் நிற்கும். "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கும் அளவு வேண்டும். பலர் வாரத்தில் நான்கு நாள் இருமி எழுந்துகொண்டே "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது. கடந்த 4 வாரத்தில் பகலில் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தொல்லை இருந்ததா, ராத்திரி ஒருமுறையாவது எழுந்தீர்களா, வேலை எதையாவது குறைத்துக்கொண்டீர்களா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அவர் முழுப் பச்சையில் இல்லை.

சிவப்புப் பகுதியில் ஒரு வாக்கியம்கூட நீளமாக இருக்கக் கூடாது. இப்படி எழுதலாம்: ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை. பம்ப் எடுத்தும் அடங்கவில்லை. கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது. குழந்தைக்கு விலாவுக்குக் கீழே உள்ளே போகிறது. உதடு நீலமாகும் என்று எழுதுவது வழக்கம், ஆனால் நம் தோல் நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும்: இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று, ஆள் களைத்துச் சாய்கிறார் என்றால் அது குணமாவதல்ல, ஆபத்து. காற்றே உள்ளே போகாததால் சத்தம் நின்றிருக்கிறது. "சத்தம் அடங்கிடுச்சு, தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடும் நேரம் அதுதான். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி பல வீடுகளில் இருக்கிறது. எண் 95 காட்டுகிறது என்று பேச முடியாமல் திணறுகிறவரை உட்கார வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எண் விழுவது கடைசியாகத்தான் நடக்கலாம், கறுத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டியும் காட்டலாம். ஆள் திணறுகிறார் என்றால் 108, அவ்வளவுதான்.

வண்டி வரும்வரை என்ன செய்வது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் முறை நினைவில் நிற்கும்படி இருக்கிறது. சால்புட்டமால் பம்ப்பை ஸ்பேசரில் (பம்ப்போடு பொருத்தும் குழாய் போன்ற கூடு) வைத்து ஒரு பஃப் (ஒரு அழுத்து), 4 மூச்சு. இப்படி ஒவ்வொன்றாக 4 பஃப். 4 நிமிடம் பொறுத்து, அடங்காவிட்டால் மறுபடி 4. எல்லாமே நான்கு என்பதால் பதற்றத்திலும் மறக்காது. ஒரே பம்ப் முறையில் இருப்பவருக்கு அளவு வேறு, அதை மருத்துவர் எழுதட்டும். ஆனால் எந்த அளவாக இருந்தாலும் இந்த மாதிரி ஒரே எண் திரும்பத் திரும்ப வரும்படி அமைக்க முடியுமா என்று பாருங்கள். உட்கார வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது என்ற வரியும் வேண்டும்.

தாளின் தோற்றத்துக்கு வருவோம். வண்ணத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தால் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறம்தான். உங்கள் கிளினிக்கில் கொடுப்பதே மூன்றாவது நகலின் நகலாக இருக்கலாம், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: "நன்றாக இருக்கிறேன்", "இழுப்பு ஆரம்பிக்கிறது", "ஆபத்து". கட்டங்களையும் தடித்த கோட்டால் பிரித்துவிடுங்கள். தமிழ் எழுத்து சிறிதாக அச்சானால் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். அதற்காக ஒரு பக்கத்துக்கு மேல் போகவும் கூடாது. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம், விஷயத்தைக் குறையுங்கள். மூச்சுக்குழாய் படமும் ஆஸ்துமா என்றால் என்ன என்ற விளக்கமும் வேறு தாளில் போகட்டும்.

எவ்வளவு சுருக்க முடியும் என்பதற்கு நியூசிலாந்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்கே மாவோரி மக்களிடையே ஆஸ்துமா பாதிப்பு கடுமையாக இருந்தபோது, அந்தச் சமூகத்தோடு சேர்ந்தே ஒரு திட்டத்தை வகுத்தார்கள். அது கிரெடிட் கார்டு அளவுள்ள பிளாஸ்டிக் அட்டை. ஒரு பக்கம் பீக் ஃப்ளோ எண், மறுபக்கம் அறிகுறி. அதன் பலன் 1994ல் ஆய்வாக வெளிவந்தது. பர்ஸில் வைக்கும் அளவுக்குள் ஒரு முழுத் திட்டம் அடங்கும் என்றால் நமக்கு ஏ4 தாளே தாராளம்.

படம் போட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சூரியன் காலை, நிலா இரவு என்பது பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பம்ப்பின் மேல் போட்ட அம்புக்குறியையும் பெருக்கல் குறியையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். "× 2" என்பதை இரண்டாவது பம்ப்பை வேண்டாம் என்கிறார்கள் என்று ஒருவர் படிக்க முடியும். லண்டனில் வாழும் சோமாலியர்களிடமும் மலேசிய நோயாளிகளிடமும் படத் திட்டம் ஒன்றைச் சோதித்த ஆய்வு 2009ல் வந்தது. படத்தைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று நோயாளிகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். நீங்களும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு பேரிடம் அதைச் செய்யுங்கள். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களாக இருக்கட்டும். ஐந்நூறு பிரதி அடித்த பிறகு தெரிவதைவிட இது மேல்.

என்னென்ன சேராது என்ற பட்டியலையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தாளிலிருந்து அப்படியே எடுத்ததில் பனிப்பொழிவும் தரைக் கம்பளமும் இருக்கும், கொசுவத்திச் சுருள் இருக்காது. நம் வீடுகளில் கேட்க வேண்டியவை கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி, விறகடுப்புப் புகை, பஞ்சு மெத்தைத் தூசி, மார்கழிப் பனி. போகிக்கும் தீபாவளிக்கும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்த வாரத்தில் பம்ப்பைத் தவறவிடக் கூடாது, தீர்ந்துபோகும் நிலையில் இருக்கக் கூடாது என்று தாளிலேயே எழுதிவிடலாம். பத்துப் பொருளைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். பூ விற்பவரிடம் மகரந்தத்திலிருந்து விலகி இருங்கள் என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு உண்மையில் தொல்லை தருவதாக அவரே சொல்லும் ஒன்றிரண்டை மட்டும் எழுதுங்கள். வலி மாத்திரை சாப்பிட்டு இழுப்பு வந்த அனுபவம் உள்ளவருக்கு, கடையில் தலைவலிக்கு எதை வாங்கக் கூடாது என்பதை டாக்டர் மாத்திரையின் பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தாளின் மேலேயே போடுங்கள்.

பம்ப் தீர்ந்துபோவதும் புரிதல் சம்பந்தப்பட்ட விஷயம்தான். மருந்து தீர்ந்த பிறகும் பம்ப்பை அழுத்தினால் காற்று வரும், நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. 120 அழுத்து உள்ள பம்ப்பில் காலை 2, இரவு 2 எடுப்பவருக்கு 30 நாளில் தீர்ந்துவிடும். எண்ணிக்கை காட்டும் பம்ப் இல்லை என்றால், முடியும் தேதியை மார்க்கரால் பம்ப் மேலேயே எழுதிக் கொடுங்கள். சால்புட்டமால் பம்ப் தனியாக வைத்திருப்பவருக்குத் தாளில் இன்னொரு வரி சேருங்கள்: ஒரு வருடத்தில் மூன்று பம்ப் தீர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குத் தேவைப்படுகிறது என்றாலே கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள்.

எழுதி முடித்தாயிற்று. இனி புரிந்ததா என்று பார்க்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றுதான் பதில் வரும், மரியாதைக்குச் சொல்வது அது. தாளை அவர் கையிலும், பம்ப்பை மேஜையிலும் வைத்துவிட்டுக் கேளுங்கள்: "அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும். இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு இருமி எழுந்துட்டீங்க. இந்தத் தாளைப் பார்த்து என்ன செய்வீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க." வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் பம்ப்பைக் குலுக்கி, மூடி திறந்து, இழுத்துக் காட்டட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரிதான் சரியில்லை. பேனாவை எடுத்து அங்கேயே அவர் முன்னால் மாற்றுங்கள். வீட்டில் படிக்கப்போகிறவர் கூட வந்திருந்தால் அவரிடமும் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை என்றால், தாளில் உள்ளதை நீங்கள் பேசுகிற தமிழிலேயே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பள்ளிக் குழந்தை என்றால் ஒரு பிரதி வகுப்பாசிரியருக்குப் போக வேண்டும், ஸ்பேசரும் கூடவே.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கூட்டமான ஓ.பி.யில் டாக்டரால் உட்கார்ந்து எழுத முடியாது, நியாயம்தான். மருந்து அளவையும் கையெழுத்தையும் அவர் போடட்டும். அறிகுறிகளைக் கேட்டு எழுதுவதும் செய்து காட்டச் சொல்வதும் நீங்கள் செய்யக்கூடிய வேலை, இன்னும் சொன்னால் நீங்கள் கேட்டால்தான் நோயாளி மனம் விட்டுப் பேசுவார். எல்லாருக்கும் ஒரே நாளில் எழுத வேண்டாம். இந்த வாரம் நெபுலைசர் வைக்க வந்தவர்களிலிருந்து ஆரம்பியுங்கள், அவர்களுக்குத்தான் அடுத்த இழுப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

மறுபடி வரும்போது "தாள் எங்கே?" என்று பரீட்சை வைப்பது போல் ஆரம்பிக்காமல், "போன மாசம் மஞ்சளுக்குப் போனீங்களா? அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் தாளிலேயே கிடைக்கும்: பம்ப் தீர்ந்திருக்கும், எண் தெளிவாக இருந்திருக்காது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று எழுதியிருக்க மாட்டோம். பம்ப் மாறினாலோ அளவு மாறினாலோ புதுத் தாள் எழுதி, மேலே தேதி போடுங்கள். பழைய தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். போனில் எடுத்து வைத்திருக்கும் பழைய படத்தையும் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லிவிட்டு, புதுத் தாளை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.